மருந்துக்கு அடங்காத கிருமியும் வெயிலுக்கு அடங்கும்: குடிநீரைச் சுத்தப்படுத்த எளிய வழிகள்

மாட்டுக்கு மடிநோய், கோழிக்குக் கழிச்சல் என்றால் உடனே ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்கிறோம். தேவையில்லாமல் கொடுத்தாலும், பாதியில் நிறுத்தினாலும் அந்த மருந்துக்குச் சாகாத பாக்டீரியாக்கள் பெருகும். சாணம், கழிவுநீர் வழியாக இவை ஓடைக்கும் கிணற்றுக்கும் வந்து சேரும். டெல்லியில் 50 குழாய்களின் தண்ணீரைச் சோதித்ததில், 2 குழாய்களில் இத்தகைய பாக்டீரியாவின் மரபணு இருந்ததாக 2011-ல் வெளியான ஆய்வு கூறியது. இந்தக் கிருமியால் குழந்தைக்கோ கன்றுக்கோ நோய் வந்தால், வழக்கமான மருந்து கேட்காது. எனவே தண்ணீரிலேயே அதை அழிப்பதுதான் பாதுகாப்பு.

ஒளி எப்படிக் கொல்கிறது?

ஆன்டிபயாடிக் மருந்து பாக்டீரியாவின் ஏதாவது ஒரு பாகத்தைக் குறிவைக்கும். அந்தப் பாகத்தை மாற்றிக்கொண்டோ, மருந்தைச் சிதைத்தோ பாக்டீரியா தப்பிவிடும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதன் மேலுறை, மரபுப்பொருள் என்று பல இடங்களைத் தாக்குவதால் தப்புவது கடினம்.

டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொருள் இந்த வேலையை விரைவுபடுத்தும். ஒளி பட்டதும் இதன் மேற்பரப்பில் வீரியமான ஆக்சிஜன் பொருள்கள் உருவாகி பாக்டீரியாவை அரித்துவிடும். இப்படி பாக்டீரியாவைக் கொல்லலாம் என்பதை ஜப்பான் விஞ்ஞானிகள் 1985-ல் காட்டினர். வெயிலில் புற ஊதாக் கதிர் சுமார் 5 சதவீதம்தான் என்பதால், சாதாரண வெளிச்சத்திலும் வேலை செய்யும் பொருள்களை உருவாக்க ஆய்வுகள் நடக்கின்றன. பெயின்டுக்கு விற்கும் பொடியைக் குடிநீரில் கலக்கவே கூடாது.

இப்போதே செய்யக்கூடியது

வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 100 குழந்தைகளுக்கு வெயிலில் வைத்த பாட்டில் தண்ணீரைக் கொடுத்து, வேறு 100 குழந்தைகளுடன் 6 மாதம் ஒப்பிட்டனர். வயிற்றுப்போக்கு, ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 2.7 முறை என்பதற்குப் பதில் 1.7 முறையாக இருந்தது. இந்த ஆய்வு 2006-ல் வெளியானது.

1. கீறல் இல்லாத, நிறமற்ற, 2 லிட்டருக்கு மேற்படாத பெட் பாட்டிலை எடுத்து லேபிளை நீக்கவும்.
2. தண்ணீரைத் துணியில் வடிகட்டி நிரப்பவும். பாட்டிலைச் செய்தித்தாள் தலைப்பின் மேல் நிறுத்தி, வாய் வழியாகப் பார்க்கவும். எழுத்து தெரியாவிட்டால் அந்தக் கலங்கல் நீர் இம்முறைக்கு ஆகாது.
3. தகரக் கூரையில் படுக்கவைத்து 6 மணி நேரம் வெயிலில் விடவும். பாதி வானத்துக்கு மேல் மேகம் இருந்தால் 2 நாள் வைக்கவும்.
4. அதே பாட்டிலிலிருந்து ஒரு நாளுக்குள் குடித்து முடிக்கவும்.

பூச்சிமருந்து எச்சத்தையும் உப்பையும் வெயில் நீக்காது.

சாரல் காலத்தில் கவனம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புளியறை, செங்கோட்டை, குற்றாலம் பகுதிகளில் மேகமும் சாரலும் தொடரும். ஓடை நீரும் கலங்கி வரும். அந்த நாட்களில் வெயிலை நம்ப வேண்டாம். குடிநீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடிக்கவும். தொட்டி நீர் தெளிவாக இருந்தால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் தரமான புதிய பிளீச்சிங் பவுடர் போதும். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தவும்.

கிருமி உருவாகாமல் தடுக்க

* கால்நடை மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம். சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுக்கவும்.
* கோலிஸ்டின் மருந்தைக் கோழி, கால்நடைகளுக்குக் கொடுப்பது 2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. தீவனத்தில் அது கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்கவும்.
* மீந்த மருந்தை வாய்க்காலில் கொட்ட வேண்டாம்.
* எருக்குழியும் கழிப்பறைக் குழியும் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

மழைக்காலம் தொடங்கும் முன் கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.