ஒதுக்கப்பட்ட வரிகளின் கணக்கு: பெருந்தொகைப் பதிகைகளை ஆராய்வதில் வேகமும் பிழையறிதலும்

ஆய்வுச் சுருக்கம்

கணினிச் சேவையகங்கள் எழுதிவைக்கும் பதிகைகளை (லொக் கோப்புகளை) விரைந்து ஆராய வேண்டுமானால் பிழைகளைப் பொருட்படுத்தக் கூடாது என்ற எண்ணம் நடைமுறையில் வேரூன்றியுள்ளது. இக்கட்டுரை அதனை மறுக்கிறது. பிழையறிதலை முதல் வாசிப்புக்குள்ளேயே அமைத்தால் அதற்கான செலவு சிறிது என்பதும், அவ்வாறு அமைக்காவிடில் தமிழ்ப் பயன்பாடே கணக்கிலிருந்து மறைந்துபோகும் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. கோப்பாய் என்ற ஊர்ப்பெயரும் இலங்கையின் நேரமாற்ற வரலாறும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பதிகை, ஒருங்குறி, நேரவலயம், பிழையறிதல், கோப்பாய்

1. சிக்கல்

2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் போன்ற எண்ணிம நூலகங்கள், பல்கலைக்கழகங்கள், அரச அலுவலகங்கள் எல்லாவற்றின் சேவையகங்களும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதுகின்றன. எந்த நூல் தேடப்பட்டது, எந்தப் பக்கம் திறக்கவில்லை, எப்போது கணினி தடுமாறியது என்பவற்றுக்கெல்லாம் முதற்சான்று இவ்வரிகளே. இவை கோடிக்கணக்கில் பெருகும்போது ஆய்வாளர் மூன்று வழிகளில் ஒன்றை நாடுகிறார். முழுவதையும் முதலில் சரிபார்த்து, பின் மீண்டும் வாசிக்கலாம், நேரம் இரட்டிக்கும். முதற்பிழையிலேயே நிரலை நிறுத்தலாம், வேலை முடியாது. பிழையான வரிகளைச் சொல்லாமல் தள்ளிவிடலாம். வேலை விரைவில் முடியும், முடிவு தவறாகும். பெரும்பாலோர் தெரிவுசெய்வது மூன்றாவது வழியை.

2. ஓர் ஊர்ப்பெயர், மூன்று தடங்கள்

பருத்தித்துறை வீதியில் அமைந்த கோப்பாயையும் அங்குள்ள ஆசிரியர் கலாசாலையையும் பற்றி ஒருவர் இணையத்தில் தேடுவதாகக் கொள்வோம். ‘கோப்பாய்’ என்பது ஒருங்குறியில் 8 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் ஆதலால் மொத்தம் 24 பைட். இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியும் இரு எழுத்துகளுமாக விரிவதால், பதிகையில் இப்பெயர் 72 இடங்களைப் பிடிக்கும்.

ஆனால் ஓகார உயிர்மெய்க் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். ஒருங்குறித் தரம் இரண்டையும் சமமானவை என்கிறது. பிரித்தெழுதினால் 9 குறிகள், 27 பைட், பதிகையில் 81 இடங்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. மீடியாவிக்கி போன்ற மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து சரியான பக்கத்தைத் திறந்துவிடும், வாசகருக்குக் குறையில்லை. சேவையகப் பதிகையிலோ கேட்கப்பட்டபடியே எழுதப்படும். பைட்களை மட்டும் ஒப்பிட்டு எண்ணும் நிரலுக்கு இவை இரு வேறு சொற்கள்.

மூன்றாவது தடம் பாமினி. ஈழத்தில் நெடுங்காலம் வழங்கிய இவ்வெழுத்துருவில் ‘கோப்பாய்’ ஏழு இலத்தீன் எழுத்துகளாகவும் இரண்டு அரைப்புள்ளிகளாகவும் சேமிக்கப்படும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அங்கே அரைப்புள்ளியே குறி. அரைப்புள்ளியைப் பிரிகுறியாகக் கொள்ளும் நிரல் பெயரை நடுவே வெட்டி, புலங்களின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று வரியைத் தள்ளிவிடும். ஓர் ஊருக்கான தேடல் இவ்வாறு இரண்டாகப் பிரிகிறது; மூன்றாம் பங்கு காணாமற்போகிறது.

3. இருமுறை வந்த அரைமணி

மின் நெருக்கடியை முன்னிட்டு இலங்கை 1996 மே 25 இல் தன் நேரத்தைச் சர்வதேச நேரத்தைவிட ஆறரை மணி முன்னதாக மாற்றியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அது ஆறு மணியானது. 2006 ஏப்ரல் 15 இல் பழைய ஐந்தரை மணிக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளோ 1996 மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரே தீவில், ஒரே கணத்தில், இரு மணிக்கூடுகள்.

கணினிகள் பயன்படுத்தும் நேரவலயத் தரவுத்தளத்தின்படி, 2006 ஏப்ரல் 15 அதிகாலை 12.30 ஆனதும் நேரம் மீண்டும் 12.00 ஆயிற்று. அந்த அரைமணி இருமுறை வந்தது. உள்ளூர் நேரத்தை மட்டும் எழுதிய பதிகையில் அன்று 12.10 என்றிருந்தால், அது எந்த 12.10 என்று அவ்வரியை மட்டும் கொண்டு பின்னர் எவராலும் தீர்மானிக்க இயலாது. 2001 இல் வெளியான ஆர்எஃப்சி 3164 விவரிக்கும் சிஸ்லொக் வடிவத்தில் ஆண்டும் இல்லை, நேரவலயமும் இல்லை. 2009 இன் ஆர்எஃப்சி 5424 இக்குறையைத் தீர்த்தது. பழைய வடிவம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

4. அறுந்த கோப்பு

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கடைசி வரி அறுந்துவிடும். சில வேளைகளில் கோப்பின் ஒரு பகுதி வெறும் சுழியங்களால் நிரம்பியிருக்கும். சுருக்கிவைக்கும் ஜீஸிப் கோப்பில் சரிபார்ப்புத் தொகை கடைசி 8 பைட்களுக்குள் அமைகிறது. ஆகவே கோப்பு பழுதா என்பதை இறுதிவரை வாசித்தபின்னரே உறுதியாகச் சொல்ல முடியும். யுனிக்ஸ் குழாயிணைப்பிலோ கடைசிக் கட்டளையின் வெற்றிதான் முழு இணைப்பின் வெற்றியாகக் கொள்ளப்படுகிறது. முதலில் நின்று கோப்பை விரித்துக் கொடுக்கும் கட்டளை தோற்றாலும், இறுதியில் எண்ணும் கட்டளை தன் பங்கை முடித்துக்கொண்டு வெற்றி என்றே அறிவிக்கும். அரைக்கோப்பின் கணக்கு முழுக்கோப்பின் கணக்காக வெளிவரும். பாஷ் ஷெல்லில் ‘பைப்ஃபெயில்’ என்ற தெரிவை இயக்கினால் இத்தோல்வி வெளிப்படும்.

5. ஒரே வாசிப்பில் பிழையறிதல்

கென் தொம்சனும் ரொப் பைக்கும் 1992 இல் வகுத்த யூடிஎஃப்-8 முறையில், வரிமுடிவுக்குரிய பைட் வேறெந்தக் குறியின் உள்ளேயும் வராது. எனவே தமிழ் நிறைந்த பெருங்கோப்பையும் பைட் அளவிலேயே துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் அடுத்த வரிமுடிவுக்கு நகர்த்தி, பல செயலிகளுக்குப் பகிர்ந்தளிக்கலாம். முழு வரியையும் எழுத்துகளாக மாற்றத் தேவையில்லை. வேண்டிய புலத்தை மட்டும் மாற்றினால் போதும். நினைவகத்திலும் ஒரு நேரத்தில் செயலிக்கு ஒரு வரி இருந்தால் போதும். வேகம் இங்கிருந்து வருகிறது.

அதே ஓட்டத்தில் நான்கு சோதனைகள் போதும்: புல எண்ணிக்கை, யூடிஎஃப்-8 செம்மை, ஒருங்குறி ஒரே வடிவமாக்கம், நேரம் பின்னோக்கிச் செல்கிறதா என்பது. தவறிய வரியை எறியாமல், கோப்பின் பெயர், பைட் இடம், காரணம் ஆகிய மூன்றுடன் தனிக்கோப்பில் எழுத வேண்டும். மூலவரியைத் திருத்தக் கூடாது. இறுதியில் ஒரு சமன்பாடு நிறைவேற வேண்டும்: உள்வந்த வரிகள் = ஏற்றவை + ஒதுக்கியவை. இதற்கு மூன்று எண்ணிகளே செலவு.

ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004 இல் வெளியிட்ட, பல கணினிகளில் பெருந்தரவை ஆராயும் மாப்ரெடியூஸ் முறை பற்றிய கட்டுரையும் இத்திசையையே காட்டுகிறது. நிரலை மீண்டும் மீண்டும் வீழ்த்தும் பதிவை அடையாளங்கண்டு, அதை மட்டும் தாண்டிச்செல்லும் வசதி அதில் உண்டு. நாம் சேர்க்க வேண்டியது, தாண்டியவற்றின் பகிரங்கக் கணக்கு.

6. ஒரு மறுப்பும் விடையும்

கோடி வரிகளில் சில ஆயிரம் போனால் என்ன, சராசரி மாறாதே என்று கேட்கலாம். பிழைகள் எங்கும் சமமாகப் பரவியிருந்தால் இவ்வாதம் நிற்கும். அவை அவ்வாறு பரவுவதில்லை. மேலே கண்ட பிழைகள் தமிழில் கேட்கப்பட்ட கோரிக்கைகளிலும், பழைய எழுத்துருக்களிலும், மின்சாரம் நின்ற வேளைகளிலும் குவிகின்றன. அவற்றைத் தள்ளுவது ஒரு குறித்த மக்கட்கூட்டத்தின் பயன்பாட்டைத் தள்ளுவதாகும். அக்கணக்கை நம்பி, எந்த நூலை முதலில் எண்ணிமமாக்குவது, எந்த ஊருக்கு எந்தச் சேவை வேண்டும் என்று தீர்மானித்தால், பிழை நிரலைக் கடந்து வாழ்க்கைக்குள் வந்துவிடும்.

முடிவுரை

பிழையைக் கணக்கில் எடுக்காத வேகம், வேலையைப் பின்னர் பிறர் தலையில் சுமத்துகிறது. நம் நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் பயன்பாட்டு எண்ணிக்கைகளை வெளியிடும்போது, ஒதுக்கிய வரிகளின் தொகையையும் காரணங்களையும் அருகிலேயே வெளியிட வேண்டும். நேரத்தைச் சர்வதேச நேரமாகவோ வலய வேறுபாட்டுடனோ எழுத வேண்டும். ஒதுக்கியது எவ்வளவு என்று சொல்லாத எந்த எண்ணிக்கையையும் ஆய்வுச் சான்றாக ஏற்கக் கூடாது.