வாடகை வீடு எங்கே போனது? கொழும்பின் நடுத்தரக் குடும்பங்களும் 80 வருடச் சட்டங்களும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

"புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் அரசாங்க உத்தியோகம், இன்னும் ஏன் வாடகை வீடு?" கல்யாண வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. கேட்கிற மூத்தவர்களில் சிலர் புதுக்கடையிலோ மருதானையிலோ வாடகைக்கு இருந்து, பிறகு அதே வீட்டுக்குச் சொந்தக்காரரானவர்கள். அவர்களுக்கு அது எப்படிக் கிடைத்தது, நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை.

தொடக்கம் 1942. யுத்த காலம், கட்டடப் பொருள் தட்டுப்பாடு. வீட்டுக்காரர்கள் வாடகையை இஷ்டம்போல ஏற்றாமல் இருக்க அரசாங்கம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1941 நவம்பரில் இருந்த நிலைதான் வாடகைக்கு அடிப்படை. யுத்தம் முடிந்தது, சட்டம் முடியவில்லை. 1948இல் புதுச் சட்டமாக வந்தது, 1972இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமாக இன்னும் இறுகியது. வாடகை குறைந்த வீடுகளில் இருந்தவர்களை எழுப்புவது ஏறக்குறைய முடியாத காரியமாகியது. பழைய கொழும்பில் சில பள்ளிவாசல்களின் வக்பு வீடுகளும் கடைகளும் இன்றைக்கும் ஒரு பார்சல் சோற்றுக் காசுக்கும் குறைந்த வாடகையில் கிடக்கின்றன என்று நிர்வாகிகள் கவலைப்படுவதன் வேர் இதுதான்.

அடுத்தது பெரிய அடி, அல்லது பெரிய கொடை. யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1973 ஜனவரியில் வந்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் அது. வீடமைப்பு அமைச்சர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன், நம்முடைய மத்திய கொழும்புத் தொகுதியின் உறுப்பினர். தனி ஆள் 2 வீடுகள் வைத்திருக்கலாம். குடும்பம் என்றால் தங்கி வாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இன்னும் 2. மிஞ்சியது அரசுடைமை. அதில் குடியிருப்பவர் விலை கொடுத்து வாங்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம்.

வியாபாரத்தில் மிஞ்சிய காசை வங்கியில் வட்டிக்குப் போடாமல் வரிசை வீடுகளாகக் கட்டிவைத்த நம்மவர்களுக்கு இது பேரிழப்பு. அந்த வீடுகளில் இருந்த எழுதுவினைஞருக்கும் ஆசிரியருக்கும் கடைச் சிப்பந்திக்கும் வாழ்நாளில் கிடைத்த ஒரே சொத்து. இரண்டு பக்கமும் நமது சமூகத்தவர்கள் இருந்தார்கள். அதனால்தானோ என்னவோ, இதைப் பற்றி வீடுகளில் சத்தமாகப் பேசுவதில்லை.

என் பார்வையில், அந்தத் தலைமுறைக்கு அது நியாயம். ஆனால் சட்டம் இருந்த வீடுகளைப் பங்கிட்டதே தவிர, புதிய வீடுகளைப் பெருக்கவில்லை. வாடகைக்கு விடுவதற்கென்று வீடு கட்ட, காசுள்ளவனுக்குத் துணிவு போய்விட்டது. கட்டுப்பாட்டுக்கு வெளியே கிடைத்த வீடுகளுக்குக் கேட்ட விலையும் ஏறியது. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கக்கூடாது என்று சட்டம் சொல்ல, வீட்டுக்காரர் ஒரு வருட அட்வான்ஸ் கேட்டார். இன்றும் கேட்கிறார். வாடகைக்கு விட்ட வீட்டை மீட்க இலகுவான வழி என்று ஒரு தனிச் சட்டம் 2023இல்தான் வந்தது.

1977க்குப் பிறகு பிரேமதாச. அவரும் மத்திய கொழும்புக்காரர். 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை, 1979இல் தேசிய வீடமைப்பு அதிகார சபை, இலட்சம் வீடுகள், 1984இல் பத்து இலட்சம் வீடுகள். ஐ.நா. 1987ஐ வீடற்றோருக்கான ஆண்டாக அறிவித்ததும் அவரது முயற்சியில். குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் அந்தத் திட்டங்களின் கண் கிராமத்து ஏழையிலும் தோட்டத்து முடுக்கு வீடுகளிலும் இருந்தது. 2010க்குப் பின் வந்த நகர மீளுருவாக்கத் திட்டத்தின் மாடி வீடுகளும் முடுக்குகளில் இருந்தவர்களுக்கே. மாதச் சம்பளக்காரனுக்கு அந்தப் பட்டியலிலும் இடமில்லை, கடற்கரைப் பக்கத்து சொகுசு மாடிகளின் பட்டியலிலும் இடமில்லை. இடையில் அங்குமிங்கும் சில திட்டங்கள் வந்தன. கேட்டவர்களின் தொகைக்கு முன்னால் அவை கொஞ்சம்தான்.

அப்படியானால் அவன் எங்கே போனான்? குடிசன மதிப்பீடு சொல்கிறது. 1981இல் கொழும்பு மாநகரத்தின் சனத்தொகை ஏறக்குறைய 5.9 இலட்சம். 2012இல் 5.6 இலட்சமளவு. அதே காலத்தில் கொழும்பு மாவட்டம் 17 இலட்சத்திலிருந்து 23 இலட்சத்தைத் தாண்டியது. நகரம் வளர்ந்தது அதன் எல்லைக்கு வெளியேதான்: மஹரகம, கடுவெல, கெஸ்பேவ, ஹோமாகம. நம்மவர்கள் வெல்லம்பிட்டி, கொலன்னாவை, மாபோலை, பாணந்துறைப் பக்கம். மலிவான காணி பெரும்பாலும் தாழ்ந்த காணி. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் எத்தனை வீடுகளின் கூரை மட்டும் தெரிந்தது என்பதை நிவாரணச் சோறு சமைத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காணி வாங்குவதும் இலேசில்லை. 1986 விதிகளின்படி வீட்டுக்கான துண்டு பொதுவாக 150 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 6 பேர்ச்சுக்குக் குறையக்கூடாது. மூன்று பிள்ளைகளுக்கு 10 பேர்ச் காணியைப் பிரிக்க முடியாது, மேலே மேலே தட்டுப் போடத்தான் வேண்டும். சீதனம் என்ற பேரில் பெண் வீட்டாரிடம் வீடு எதிர்பார்க்கும் பழக்கமும் சேர்ந்தால், இரண்டு பெண் பிள்ளைகள் உள்ள ஆசிரியரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடன் எடுப்போம் என்றால், 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வட்டி வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு, முழுமையாக இஸ்லாமிய முறையில் இயங்கும் வங்கி 2011இல்தான் வந்தது. அங்கேயும் மாதத் தவணை கட்டச் சம்பளம் போதுமா என்பதுதான் முதல் கேள்வி.

ஆகவே அடுத்த கல்யாண வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கும் மாமாமார், தங்கள் வீடு எந்த வருடம், எந்தச் சட்டத்தில், எவ்வளவுக்குக் கையில் வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1973இல் உச்சவரம்பில் வீடு போன குடும்பங்களும் சொல்லுங்கள். பழைய வாடகைப் பற்றுச்சீட்டு, உறுதிப் பிரதி ஏதும் வீட்டில் இருந்தால் படமெடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். பெயர்களை மறைத்து என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.