ஃபஸ்கு: ஒரு சட்டம் பிறந்த வரலாறு

கணவன் வாழவும் வைப்பதில்லை, விலக்கியும் விடுவதில்லை. இவ்வாறு நிறுத்தப்பட்ட பெண்ணை நம் நாட்டு வழக்கு ‘வாழாவெட்டி’ என்னும் கொடுஞ்சொல்லால் குறித்தது. ஒருத்தியின்பால் முற்றிலும் சாய்ந்து மற்றவளை அந்தரத்தில் தொங்கவிடுவதைத் திருக்குர்ஆன் அந்நிஸா அத்தியாயத்தின் 129-ஆம் வசனத்தில் கண்டித்துள்ளது. ஆயினும், தொங்கவிடப்பட்டுவிட்ட பெண்ணின் கட்டை அவிழ்ப்பவர் யார்? எந்தச் சட்டத்தைக் கொண்டு அவிழ்ப்பது? இந்த வினாவோடு நம் நாட்டு அறிஞர்கள் போராடிய வரலாறே 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் மணமுறிவுச் சட்டம் பிறந்த வரலாறாகும்.

மனைவியின் வேண்டுகோளை ஏற்றுக் காழி திருமணத்தை ரத்துச் செய்வதற்கு ஃபஸ்கு என்று பெயர். அதற்குரிய காரணங்களில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனஃபி சட்டத்தில் வாயில் மிகக் குறுகியது. காணாமற்போன கணவனின் வயதொத்தவர்கள் இறந்துபடும் காலம் வரை மனைவி காத்திருக்க வேண்டும். அவன் செலவுக்குக் கொடாததும், அடித்துத் துன்புறுத்துவதும் ரத்துக்குரிய காரணங்களாகக் கொள்ளப்படவில்லை. மாலிகி மத்ஹபோ, காணாமற்போனவனுக்கு நான்காண்டுத் தவணை விதித்தது. பராமரிப்பின்மைக்கும் கொடுமைக்கும் பரிகாரம் வைத்தது. ஷாஃபிஈ மத்ஹபும், மனைவியைப் பராமரிக்க இயலாதவனிடமிருந்து விடுதலை கோர அவளுக்கு இடமளித்தது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபு தழைத்தது. உள்நாட்டு இராவுத்தர்களிடையே ஹனஃபி மத்ஹபே பெரும்பான்மை. ஆகவே, ஒரே துன்பத்துக்கு ஆளான இரண்டு தமிழ்ப் பெண்களுள் ஒருத்திக்குக் கிட்டும் பரிகாரம் மற்றவளுக்குக் கிட்டாமற்போக இடமிருந்தது.

இதனினும் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ரத்துச் செய்ய வேண்டியவர் காழி. ஆனால் 1864-ஆம் ஆண்டிலேயே ஆங்கில அரசு காழிகளின் அரசுப் பதவியை ஒழித்துவிட்டது. 1880-ஆம் ஆண்டுச் சட்டம் காழிகளை மீண்டும் நியமிக்க வழி செய்ததே தவிர, தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை அவர்களுக்குத் தரவில்லை.

வழியடைந்த பெண்கள் என் செய்வர்? பஞ்சாபில் சிலர் நெஞ்சை உலுக்கும் ஒரு வழியைக் கண்டனர். மதம் மாறினால் நிக்காஹ் முறிந்துவிடும் என்பது அந்நாளில் நீதிமன்றங்கள் ஏற்றிருந்த ஹனஃபி விதி. கொடிய கணவனிடமிருந்து தப்புவதற்காகவே அவர்கள் மார்க்கத்தைத் துறந்ததாக அறிவித்தனர். 1929 ஜனவரியில் சென்னைக்கு வந்து சொற்பொழிவாற்றிய அல்லாமா இக்பால் அவர்கள், 1930-இல் நூலாக வெளிவந்த தம் உரைத்தொகுப்பின் இஜ்திஹாத் பற்றிய பகுதியில் இந்த அவலத்தை எடுத்துக்காட்டினார்கள். மார்க்கத்தைக் காக்கவென்று வகுத்த சட்டமே மார்க்கத்தைவிட்டு ஓடச் செய்தால், பிழை எங்கே உள்ளது என்பதே அவர்களின் கேள்வி.

விடையளிக்க முன்வந்தவர் தானாபவனைச் சேர்ந்த மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்கள் (1863–1943). ஹனஃபி மரபில் ஊறிய தேவ்பந்த் அறிஞர் அவர். ஓடிப்போன பெண்களைப் பழித்துரைப்பது அவருக்கு எளிதாயிருந்திருக்கும். அவரோ உடனிருந்த ஆலிம்களின் துணைகொண்டு மாலிகி நூல்களை ஆராய்ந்தார். மதீனாவின் மாலிகி அறிஞர்களுக்கு வினாக்கள் விடுத்து ஃபத்வாக்களைப் பெற்றார். நெருக்கடி நேரும்போது பிறிதொரு மத்ஹபின் தீர்ப்பைக் கைக்கொள்ளலாம் என்னும் ஹனஃபி விதியே அவருக்குத் துணைநின்றது. முஸ்லிம் நீதிபதி இல்லாத இடத்தில் நேர்மையாளர் குழு ஒன்று கூடித் தீர்ப்பளிக்கலாம் என்ற மாலிகி கருத்தையும் எடுத்துக்கொண்டார். இவற்றைத் தொகுத்து 1930-களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட நூல் ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’. ‘இயலாத மனைவிக்கு வெற்றி தரும் உபாயம்’ என்பது அதன் முழுப்பெயரின் பொருள். மதமாற்றத்தால் மட்டும் அவளது மணம் முறியாது என்ற முடிவும் அதில் இடம்பெற்றது. தப்பியோடும் வழியை அடைத்தவர், நேரான வாயிலையும் உடன் திறந்துவைத்தார் என்பதே இதன் சிறப்பு.

இந்நூலின் வழிநின்று காழி முஹம்மது அஹ்மது காஸிமி அவர்கள் 1936-இல் மத்திய சட்டமன்றத்தில் மசோதாவைக் கொணர்ந்தார். 1939 மார்ச் 17-ஆம் நாள் அது சட்டமாயிற்று. கணவன் நான்காண்டு காணாமற்போதல், ஈராண்டு பராமரியாமை, ஏழாண்டுச் சிறைத்தண்டனை, மூன்றாண்டு இல்லறக் கடமை தவறுதல், ஆண்மையின்மை, ஈராண்டுச் சித்தப்பிரமை, கொடுமை முதலியன மனைவி விடுதலை கோரும் காரணங்களாயின. காணாமற்போனவன் வழக்கில் தீர்ப்பு ஆறு மாதம் செயற்படாது. அதற்குள் அவன் திரும்பிவந்து கடமையாற்ற இசைந்தால் தீர்ப்பு ரத்தாகும். மஹர் உரிமைக்கு எவ்விதக் குறைவும் நேராது. முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்ற விதி மட்டும் மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது; உலமாக்களுக்கு அது தீராத மனக்குறையாயிற்று.

சட்டம் வந்ததும் துன்பம் தீர்ந்ததா? இல்லை. ‘அவளே வீட்டைவிட்டுப் போனாள், நான் ஏன் செலவுக்குக் கொடுக்க வேண்டும்?’ என்று கணவன் வாதிட்டான். குற்றம் அவளுடையதாயின் விடுதலை இல்லை என்று சில நீதிமன்றங்கள் கூறின. இருவரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டும் குடும்பத்தில் குற்றத்தை எந்தத் தராசில் நிறுப்பது? 1971-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான ஓர் இராவுத்தர் குடும்ப வழக்கில், கேரள உயர்நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இம்முடிச்சை அவிழ்த்தார். ஈராண்டுகள் பராமரிப்பு இல்லை என்பது உண்மையானால் அதுவே போதும். யார்மீது பிழை என்று அலசவேண்டியதில்லை என்பது அவர் தீர்ப்பு. முறிந்த மணத்தை முறிந்ததென்று ஒப்புக்கொள்வதே ஷரீஅத்தின் நோக்கத்துக்கு இசைந்தது என்றும் அவர் கண்டார்.

இன்று இவ்வழக்குகள் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த குடும்ப நீதிமன்றங்களுக்குச் செல்கின்றன. வழக்கறிஞர் வைக்கப் பொருளில்லையே என்று எந்தப் பெண்ணும் கலங்கவேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவி ஆணையங்கள் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும், பெண் என்ற ஒரு தகுதியாலேயே இலவச சட்ட உதவி பெற அவள் உரியவள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் வழக்கறிஞர் அமர்த்தப்படுவார். இச்செய்தியை அறியாமலேயே நம் மஹல்லாக்களில் எத்தனையோ பெண்கள் ஆண்டுகளைத் தொலைக்கின்றனர்.

மனைவியை விடுவிக்க வழியில்லை என்று அன்று சொன்னவர்கள் நூல்களைக் கல்லாதவர்களல்லர். ஆனால் தானவீ அவர்கள் அதே நூல்களை அவளுடைய துயரத்தை முன்னிறுத்திப் படித்தார்கள். நம் ஜமாஅத்தின் வாயிலுக்கு இன்று ஒரு பெண் முறையீட்டோடு வரும்போது, ‘பொறுத்துக்கொள், அம்மா’ என்று சொல்லி அனுப்புவது எளிது. அவளுடைய நிக்காஹ் பதிவேட்டின் நகலை எடுத்துக்கொடுத்து, சாட்சிகளைக் குறித்துத் தந்து, சட்ட உதவி கிடைக்கும் அலுவலகத்துக்கு அவளோடு ஒருவரை அனுப்புவது சிறிது சிரமம். அந்தச் சிரமத்தை ஏற்பதே அப்பெரியாரின் உழைப்புக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.