கிங்ஸ்லி எதிர் ஹென்ட்ரிக்சன்

கிங்ஸ்லி எதிர் ஹென்ட்ரிக்சன் என்பது விசாரணைக் கைதிகள் மீது அளவுமீறிப் பலம் பிரயோகிப்பது தொடர்பாக ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015 ஜூன் 22 அன்று தீர்ப்பளித்த குடிசார் உரிமை வழக்கு ஆகும்.

பின்னணி

2010 இல் விஸ்கான்சின் மாநிலச் சிறையொன்றில் விசாரணைக் கைதியாக இருந்த வாதி, விளக்கை மறைத்திருந்த காகிதத்தை அகற்ற மறுத்தார். காவலர்கள் அவரைக் கைவிலங்கிட்டு வேறு அறைக்குக் கொண்டுசென்று, மின்னதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்தினர். 2012 இல் ஜூரிகள் காவலர்களுக்குச் சார்பாக முடிவு கூறினர்.

மேல்முறையீடு

காவலர்களின் மனநிலையையும் கருதுமாறு ஜூரிகளுக்கு நீதிபதி அளித்த அறிவுறுத்தல் பிழையானது என்று வாதி மேல்முறையீடு செய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 இல் இதனை ஏற்கவில்லை.

தீர்ப்பு

பிரயோகித்த பலம் புறநிலையில் நியாயமற்றது என நிறுவினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் கூறியது. எனினும் வாதி வென்றதாக அது அறிவிக்கவில்லை. முந்தைய தீர்ப்பை நீக்கி, அறிவுறுத்தலில் இருந்த பிழை ஜூரிகளின் முடிவைப் பாதித்ததா என ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது.