பேயூர்ப் பாட்டும் ஆக்கியோர் பெயரும்

பழைய பாட்டொன்று காதில் விழுந்ததும் இளமைக்காலம் கண்முன் எழுவதை மனத்தின் விந்தை என்று கூறி அமைந்துவிடுவோர் பலர். அப்பாட்டு எந்தக் கருவியில் ஒலித்தது, அக்கருவியை வாங்கும் வசதி எவருக்கிருந்தது, பாட்டை ஆக்கியவர் யார் என்னும் வினாக்களை அவர்கள் எழுப்புவதில்லை. ஏக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மின்னணு விளையாட்டொன்றின் இசையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை இங்கு நோக்குவோம். இலக்கியப் பக்கங்களில் இதற்கென்ன இடம் என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க. கூத்தையும் ஒருகாலத்தில் கற்றோர் இவ்வாறே ஒதுக்கினர்.

1985 இல் யப்பானின் கப்கொம் நிறுவனம் 'மாக்கைமுரா' என்னும் விளையாட்டை நாணயப் பொறிகளில் வெளியிட்டது. பேயுலகத்து ஊர் என்பது அப்பெயரின் பொருள். மேனாடுகளில் அது 'கோஸ்ட்ஸ் அன் கொப்லின்ஸ்' எனப்பட்டது. வடிவமைத்தவர் தொக்குரோ ஃபுஜிவாரா. சாத்தான் கவர்ந்து சென்ற இளவரசியை மீட்க ஆர்தர் என்னும் வீரன் இடுகாட்டினூடே புறப்படுகிறான். முதல் அடியில் கவசம் சிதறி உள்ளாடையோடு நிற்பான். மறு அடியில் எலும்புக் குவியலாவான். இறுதி வரை சென்றவனையும் விட்டார்களா? எல்லாம் மாயை என்று கூறி மீண்டும் தொடக்கத்துக்கே அனுப்பினார்கள். இருமுறை முடித்தால்தான் இளவரசி கிடைப்பாள். வீரன் விரைந்து மடிய மடிய, பெட்டியில் 100 யென் நாணயங்கள் விழுந்தன. கொடுமை வணிகத்துக்கு உதவியது.

இசையைப் பொறுத்தவரை இதன் விளைவு மனங்கொளத்தக்கது. வீரன் மடிந்ததும் பாட்டு அறுந்து, முதலடியிலிருந்து மறுபடியும் தொடங்கும். ஆதலால் பிற்பகுதி இசையைக் கேட்டோர் சிலரே. இடுகாட்டுப் பாட்டின் முதற் சில அடிகளோ நூற்றுக்கணக்கான தடவை செவியில் ஏறின. இன்று அவை நெஞ்சில் நிற்கின்றன என்றால், இனிமையோடு தோல்வியும் சேர்ந்தே அவற்றைப் பதித்தது எனலாம்.

அவ்விசையை ஆக்கியவர் அயாக்கோ மோரி என்னும் பெண். பொறியில் இரு வை.எம். 2203 ஒலிச் சில்லுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஆறு குரல் தரவல்லது, ஆகப் பன்னிரண்டு.

1986 இல் பிரித்தானியாவின் எலைட் நிறுவனம் இவ்விளையாட்டை வீட்டுக் கணினிகளுக்கு மாற்றியது. கொமடோர் 64 கணினியில் பன்னிரண்டு குரல் ஏது? அதன் 'சிட்' சில்லுக்கு மூன்றே குரல்கள். அக்காலத்து இசைஞர் இவ்வறுமைக்கு ஒரு வழி கண்டனர். மூன்று சுரங்கள் ஒருங்கே ஒலிக்கவேண்டிய இடத்தில், ஒரே குரலை நொடிக்கு ஐம்பது தடவை சுரம் மாற்றி ஓடவிட்டனர். காது அதனைக் கூட்டொலியாக ஏற்றுக்கொண்டது. இக்கணினிக்கு இசை அமைத்த மார்க் குக்சி, மோரியின் பாட்டை அப்படியே சுருக்கித் தராது, ஷோப்பனின் இருபதாம் முன்னிசையைத் துணைக்கழைத்தார். 1839 இல் வெளிவந்த தொகுதியைச் சேர்ந்தது அது. பதின்மூன்றே தாளவட்டங்கள், பிணப்பறை போன்று மெல்ல நகரும் கனத்த கூட்டொலிகள். இடுகாட்டுக்கு இதனினும் பொருத்தமானதைத் தேடுவது கடினம். மோரியின் பாட்டில் ஓட்டமும் குறும்பும் உண்டு. குக்சியின் இசையில் துயரமே மேலோங்கும். நம் கருத்தில் இரண்டாவது இரவல் அன்று, மறுபடைப்பு.

அதே ஆண்டில் நின்டென்டோவின் ஃபமிகொம் பொறிக்கும் விளையாட்டு வந்தது. அங்கே மோரியின் மெட்டு, மெலிந்த குரலில் ஆயினும், உயிரோடிருந்தது.

எனவே, 'அந்த விளையாட்டின் பாட்டு' என்று யப்பானிய இளைஞன் ஒருவனும் கொமடோர் வைத்திருந்த ஆங்கிலச் சிறுவன் ஒருவனும் ஏங்கினால், இருவரும் வெவ்வேறு பாட்டுக்கே ஏங்குகின்றனர். ஒரே நாட்டினுள்ளும் பிரிவு இருந்தது. 1982 இல் அமெரிக்காவில் கொமடோர் 64 அறிமுகமானபோது அதன் விலை 595 டொலர். அவ்வாண்டு பிரித்தானியாவில் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் 175 பவுணுக்குக் கிடைத்தது. 48 கிலோபைட் நினைவகங்கொண்ட அதற்குத் தனி ஒலிச் சில்லே இல்லை. ஒரு சிறு ஒலிபெருக்கியைக் கணினியின் மூளையே தட்டித் தட்டி ஒலிக்கச் செய்யவேண்டும்; தட்டும் நேரத்தில் அதனால் வேறு பணி செய்தல் அரிது. தந்தையின் சம்பளம் மகனின் இசை நினைவை இவ்வாறு வரையறுத்தது. ஒரு தலைமுறையின் பொது நினைவு என்று பேசுவோர் இதனைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆக்கியோர் நிலை என்ன? 1980களில் யப்பானிய விளையாட்டு நிறுவனங்கள் தம் ஊழியரின் உண்மைப் பெயரை விளையாட்டில் காட்ட விரும்பவில்லை. போட்டிக் கொம்பனிகள் திறமைசாலிகளைக் கவர்ந்துகொள்ளும் என்ற அச்சமே காரணம். பெயர் வந்தால் புனைபெயராகவே வந்தது. பல வேளைகளில் அதுவுமில்லை. இத்தொடரின் 1988 ஆம் ஆண்டு விளையாட்டுக்கு இசையமைத்தவர் தமாயோ கவமோத்தோ. 1991 இன் விளையாட்டுக்கு மாரி யமகுச்சி. மோரியோடு சேர்த்தால் மூவரும் பெண்கள். ஈட்டியேந்திய ஆணொருவன் இளவரசியை மீட்கும் கதைக்கு ஆண்டுக்கணக்காக உயிரூட்டியவர்கள் சம்பளத்துக்கு உழைத்த பெண்களே என்பதை விளையாடியோரில் எத்தனை பேர் அறிந்திருந்தனர்?

2021 இல் கப்கொம் பழைய நாணயப் பொறி விளையாட்டைத் தன் தொகுப்பொன்றில் மீண்டும் விலைக்கு விட்டது. ஃபுஜிவாராவின் இயக்கத்தில் புதிய பாகமொன்றையும் அதே ஆண்டில் வெளியிட்டது. சிறுவயதில் நாணயமாகச் செலுத்தியவர்கள் நடுவயதில் மறுபடி செலுத்தினர். நினைவு பண்டமாயிற்று.

இதே நினைவைக் காசு வாங்காது பேணியோரும் உளர். 1990களில் தொடங்கி, கொமடோர் 64 இன் இசையைத் தொண்டர்கள் சேகரித்து வருகின்றனர். 50,000 க்கு மேற்பட்ட பாட்டுக்கள் அத்தொகுதியில் உள்ளன. அவர்கள் பயன்படுத்தும் கோப்பின் தலைப்பகுதியில் மூன்று வரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன: பாட்டின் பெயர், வெளியான ஆண்டும் நிறுவனமும், இவற்றுக்கு நடுவே ஆக்கியவரின் பெயர்.