வெரி (ஆங்கில மிகுதிச் சொல்)

ஆங்கிலத்தில் பெயரடை, வினையடை ஆகியவற்றின் முன் நின்று அளவைக் கூட்டும் சொல் வெரி. ‘வெரி குட்’, ‘வெரி சாரி’ எனத் தமிழ்ப் பேச்சிலும் அன்றாடம் புழங்குகிறது. இன்று இதற்கு ‘மிக’ என்பதே பொருள். பிறக்கும்போது இது உண்மையைக் குறித்த சொல்.

இலத்தீனில் ‘வேருஸ்’ என்றால் உண்மையான. தீர்ப்பைக் குறிக்கும் ‘வெர்டிக்ட்’, சரிபார்த்தலைக் குறிக்கும் ‘வெரிஃபை’ ஆகியவற்றுக்கும் அதுவே வேர். அதன் வழிவந்த பழைய பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலம் 13ஆம் நூற்றாண்டில் ஏற்றது. அடுத்த நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில் ஒரு போர்வீரருக்கு அடைமொழியாக இது வருகிறது. இக்கால வாசகர்கள் அதை ‘மிக’ என்று படித்துவிடுவார்கள். பொதுவாக அறிஞர்கள் கொள்ளும் பொருள் ‘உண்மையான’ என்பதே. 1549இல் வெளிவந்த ஆங்கிலிக்கப் பொது வழிபாட்டு நூலின் விசுவாச அறிக்கையிலும் மெய்யான கடவுளைச் சொல்ல இச்சொல்லே நிற்கிறது.

பொருள் மாறிய விதம் எளிது. ‘உண்மையான, நல்ல மனிதர்’ என இரு பெயரடைகள் அடுத்தடுத்து வரும்போது முதலாவது இரண்டாவதைத் தழுவிக்கொண்டது. ‘உண்மையாகவே நல்ல’ என்றாகி, பின் ‘மிக நல்ல’ என்றானது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவை வேறு சொற்கள்: வலிமையைக் குறித்த ‘ஸ்விதெ’ பழைய ஆங்கிலத்தில் ஆண்டு, பிறகு வழக்கொழிந்தது. ‘ஃபுல்’, ‘ரைட்’ இரண்டும் இடைக்காலத்தில் கோலோச்சின. ‘நிரம்ப’ என்பது தமிழில் ‘ரொம்ப’ ஆனதுபோலத்தான் ‘ஃபுல்’லும் மிகுதிச் சொல்லானது. ‘ரைட்’ வட இங்கிலாந்துப் பேச்சில் இன்றும் உயிரோடிருக்கிறது. பிற மொழிகளிலும் இப்படி நடந்ததுண்டு: இன்று ‘மிக’ எனப் பொருள்படும் ஜெர்மனின் ‘ஸேர்’ ஒருகாலத்தில் வலியைக் குறித்தது.

வினைச்சொல்லோடு வெரி நேரடியாகச் சேராது. ‘ஐ வெரி லைக்’ என்பது பிழை. அங்கே ‘வெரி மச்’ வர வேண்டும். பழைய பொருளின் சாயல், ‘அதே ஆள்தான்’ என்று அழுத்திச் சொல்லும் ‘தி வெரி மேன்’ போன்ற தொடர்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

வெரியின் இடத்தை இப்போது ‘ரியலி’ பிடித்துவருகிறது. இங்கிலாந்தின் யார்க் நகரப் பேச்சை ஆராய்ந்து மொழியியலாளர்கள் ரிக்கா இட்டோவும் சாலி டாக்லியமான்டேயும் 2003இல் வெளியிட்ட கட்டுரை, முதியவர்கள் வெரியையும் இளையோர் ரியலியையும் நாடுவதைக் காட்டியது. ரியலியும் உண்மையைக் குறித்த சொல்லே. ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் உரையாடல்களை ஆராய்ந்த 2005ஆம் ஆண்டுக் கட்டுரையிலோ இரண்டையும் முந்தி நின்றது ‘ஸோ’.