திண்டுறையும் வரலாறும்

வரலாறு என்றவுடன் அரசரும் அமைச்சரும் போரும் உடன்படிக்கையும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. கோட்டைக்கும் கொடிக்கும் அளிக்கப்பட்ட இடத்திற் பத்தில் ஒரு பங்குதானும் வீட்டுப் பொருள்களுக்கு வரலாற்று நூல்களில் அளிக்கப்பட்டிலது. எனினும், 1721ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமொன்று, கட்டிலிலும் கதிரையிலும் திண்டிலும் பலகணித் திரையிலும் வண்ணம் தோய்ந்த பருத்தித் துணியைப் பயன்படுத்துதல் குற்றமென விதித்தது. ஒரு திண்டின் உறை நாட்டின் சட்டத்துள் இடம்பெறும் நிலை எவ்வாறு நேர்ந்தது? அவ்வுறையைத் தைத்த கைகளைப்பற்றி நாம் அறிவது யாது? இவ்விரு வினாக்களையும் கல்முனைக் கரையோரத்து வாழ்வோடு இயைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று வீடுகளிற் ‘குஷன்’ என வழங்கும் திண்டுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த உறையை நோக்குவோமாயின், அது மூன்று படைகளால் ஆயதெனக் காண்போம். மேலே அழகுக்குரிய துணி. நடுவே மெல்லிய பஞ்சுப் படலம். கீழே தாங்குதற்குரிய துணி. இம்மூன்றையும் ஊடுருவி ஊசி ஓடுகின்றது. பஞ்சைத் துணிகளுக்கிடையே வெறுமனே பரப்பிவைத்தால், ஒருமுறை தோய்த்த அளவில் அது மூலைக்குச் சென்று திரண்டுவிடும். இரண்டு மூன்று விரலிடைக்கு ஒரு தையல் ஓடினால், பஞ்சு தன் அறையுள் அடங்கி நிற்கும். கட்டமாகவும் கோணமாகவும் பூவாகவும் நாம் கண்டு மகிழும் கோலங்கள் யாவும் இத்தேவையினின்று பிறந்தவையே. துணி சிறிதாயினும் கவலையில்லை. துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்தே மேற்படையை ஆக்கலாம். ஆதலின் இக்கலை சிக்கனத்தின் மகவு எனலாம்.

இதன் பழமை வியத்தற்குரியது. எகிப்து நாட்டின் அபைடோசில் 1903இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட தந்தச் சிற்பமொன்று, ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அரசனொருவனைக் காட்டுகின்றது. அவன் போர்த்துள்ள மேலாடை இவ்வகைத் தையலால் ஆயதென அறிஞர் கருதுவர். மொங்கோலியாவின் நொயின்உலாக் கல்லறைகளில் 1924, 1925ஆம் ஆண்டுகளிற் கிடைத்த கம்பள விரிப்பு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு பழமையது. அதிலும் இத்தகைய தையலைக் காணலாம். பதினான்காம் நூற்றாண்டிற் சிசிலித் தீவில் தைக்கப்பட்ட திரிஸ்தன் கதைப் போர்வையின் பகுதிகள் இலண்டனிலும் புளோரன்சிலும் இன்றும் பேணப்படுகின்றன.

தமிழிலக்கியமும் இத்துறையில் வறியதன்று. நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலை வருணிக்குமிடத்து, அன்னத்தின் தூவி பெய்த அணையைக் குறிப்பிடுகின்றார். புகார் நகரத்து வினைஞரை வரிசைப்படுத்தும் இளங்கோவடிகள் துன்னகாரரையும், துணியாலும் நெட்டியாலும் பல பொருள் செய்வாரையும் மறந்தாரல்லர். தையற்காரருக்குத் துன்னகாரர் என ஒரு பெயர் அமைந்திருந்தமையே, தையல் அக்காலத்துத் தனித்தொழிலாக விளங்கியது என்பதற்குச் சான்றாகும்.

வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளைப் படைபடையாக அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டத்தையல் இட்டுப் போர்வையும் உறையும் ஆக்கினர். இதற்குக் ‘காந்தா’ என்று பெயர். நம்மிடையே வழங்கும் ‘கந்தை’ என்னும் சொல்லும் இதுவும் ஒரே வடசொல்லின் வழி வந்தவை என்பர். சொல் ஒன்றாயினும், நாம் கந்தையை இழிபொருளாகக் கொண்டோம். அவர்கள் அதனைக் கலைப்பொருளாக்கினர். இக்கலையை இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒப்பப் பயின்றனர். கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்சி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாடல், அத்தகைய போர்வையொன்றையே கருவாகக் கொண்டது. அதே வங்கத்தின் சாத்காவோன் துறையிலிருந்து பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளிற் போர்த்துக்கேயர் பட்டுநூல் வேலைப்பாடமைந்த போர்வைகளைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். இல்லத்துச் சிக்கனம் இங்ஙனம் அரண்மனை அணியாயிற்று.

இனிச் சோழமண்டலக் கரையை நோக்குவாம். மசூலிப்பட்டினம் முதல் நாகபட்டினம் ஈறாக உள்ள துறைகளிலிருந்து வண்ணம் எழுதிய பருத்தித் துணிகள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயின. எத்துணைமுறை தோய்ப்பினும் அவற்றின் செந்நிறம் மங்கவில்லை. படிகாரமிட்ட துணியிற் சாயவேரின் சாறு இறுகப் பற்றிக்கொள்ளும் என்னும் நுட்பத்தை நம்மவர் அறிந்திருந்தமையே அதற்குக் காரணம். ஒல்லாந்தர் காலத்தில் அச்சாயவேர் நம் நாட்டில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அகழப்பட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. குளிர்நாட்டவர் இத்துணிகளைப் பஞ்சு வைத்துத் தைத்துக் கட்டிற்போர்வையும் இருக்கை உறையும் ஆக்கினர்.

இவ்வரவால் உள்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர் தம் பிழைப்பு அழிவதாக முறையிட்டனர். பிரான்சு 1686இல் தடைவிதித்து 1759வரை அதனை நிலைநிறுத்தியது. இங்கிலாந்து 1700இல் முதற் சட்டத்தை இயற்றியது. வணிகர் வெள்ளைத் துணியை வருவித்து அங்கேயே அச்சிடத் தொடங்கவே, 1719இல் இலண்டன் நெசவாளர் கிளர்ந்தெழுந்து, அத்துணி உடுத்த பெண்களை வீதியிற் தாக்கினர். முன்னர்க் கூறிய 1721ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விளைவேயாம். 1774இல் ஆங்கில நாட்டுப் பருத்தித் துணிக்கு இத்தடை நீக்கப்பட்டபோது, அந்நாட்டு ஆலைத்தொழில் வளரத் தொடங்கியிருந்தது. பின்னர் அவ்வாலைத் துணியே நம் நாடுகளின் சந்தைகளை நிறைத்தது. இவ்வரலாற்றில் வணிகர் பெயர் உண்டு. சட்டத்தின் ஆண்டு உண்டு. துணியை நெய்தார், எழுதினார், தைத்தார் பெயர்கள் பெரும்பாலும் இல்லை.

இக்குறை நம் கரையோரத்துக்கும் பொருந்தும். 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக்கு வடக்கே பாண்டிருப்பை அடுத்துள்ளது மருதமுனை. கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர் அது. பாவும் ஊடும் பிரியாதவாறு போலத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையில், அவ்வூர்ச் சாரனும் சேலையும் இரு சாராராலும் விரும்பி வாங்கப்படுவன. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் நாடெங்கும் தறிகள் செழித்தன. 1977இல் இறக்குமதி தளர்த்தப்பட்டதும் அவை தளர்ந்தன. 1721இல் இங்கிலாந்து கைக்கொண்ட முறையையும் இதனையும் ஒப்புநோக்கும் மாணவர், கதவைத் திறத்தலாலும் அடைத்தலாலும் நெசவாளர் வாழ்வு எங்ஙனம் மாறுமென்பதைத் தெளிவர்.

மற்றொரு சிறப்பும் இக்கரைக்குண்டு. இங்கே தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடு மகளுக்குச் சீதனமாக வழங்கப்படுகின்றது; மணமகன் பெண்வீட்டிற் குடியேறுகின்றான். தாய்வழிக் குடிமுறையும் இரு சமூகத்துக்கும் பொதுவானது. ஆகவே வீடும் அதன் அலங்காரமும் பெண்ணின் உரிமை. மேலைநாட்டார் வசந்தம் பிறந்ததும் உறை மாற்றி வீட்டை அணிசெய்வர். இங்கோ வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வெயில் ஏறும்போது மெத்தையும் தலையணையும் முற்றத்துக்கு வரும். இந்துக்கள் சித்திரைப் புத்தாண்டை முன்னிட்டு வீட்டைப் புதுக்குவர். பெருநாளோ பிறைக் கணக்கைப் பின்பற்றி ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முந்தி வருவது. எனவே முஸ்லிம் இல்லங்களின் அலங்காரக் காலம் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றது. இலவம் பஞ்சு அடைத்த திண்டுக்கு, தறியில் எஞ்சிய துண்டுகளை இணைத்து உறை தைப்பின், ஊரின் நெசவும் வீட்டின் ஊசியும் அவ்வுறையில் ஒன்றுகூடும்.

இவற்றைப் பற்றிய எழுத்துச் சான்று மிகக் குறைவு. துணி எளிதில் மட்கும்; கிழிந்த உறையை யாரும் பேணார். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, மருதமுனையையும் கல்முனையையும் கடுமையாகத் தாக்கியது. மாண்ட உயிர்களுக்கு ஈடில்லை. வீடுகளோடு அவற்றின் பெட்டகங்களும் அழிந்தன; தாய் மகளுக்கென வைத்திருந்த துணிமணிகளும் அவற்றோடு சென்றன. அவை எத்தகையன, எவ்வாறு தைக்கப்பட்டன என்பன முதியோரின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. அந்நினைவும் நாளடைவில் மறையும்.

ஆதலின், மாணவர்காள்! நும் வரலாற்றுப் பயிற்சியை நும் இல்லத்திலேயே தொடங்குமின். பாட்டியாரையும் உம்மம்மாவையும் அணுகி, எத்துணியை எங்கே வாங்கினீர்கள், எத்தையலை யாரிடம் கற்றீர்கள் என வினவி, அவர்தம் பெயரோடும் ஊரோடும் எழுதிவைம்மின். பழைய உறையொன்று கிடைப்பின், அதன் அளவையும் தையற் கோலத்தையும் வரைந்துகொள்மின். சோழமண்டலக் கரையில் உழைத்தோரின் பெயர்களை இனி நாம் மீட்டல் அரிது. நம் கரையில் தைத்தோர் பலர் இன்னும் நம்மிடையே உளர். அவர்களைக் கேட்டறிதல் இன்றே செய்யத்தக்க பணியாகும்.